பதினோரு அடி வார்

“இன்னா ஸ்டெல்லாம்மா, குதிரைக்குச் சேணம்னு சொல்லிட்டுக் கூடாரம் போட்டு வெச்சிருக்க?”

பக்கீர் முகமது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வில்லியனூர் வட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர் அவர்தான். அளவு பார்க்க அவர் இரவல் கொடுத்த வெள்ளைக் குதிரை, சேணத்துக்கு அடியில் தலையும் வாலும் மட்டும் தெரிய, பரிதாபமாகப் புல் மென்றுகொண்டிருந்தது.

ஸ்டெல்லா வயிற்று வாரை இழுத்துப் பார்த்தாள். குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகும் ஐந்தடி மிச்சம் தொங்கியது.

தோல் பை கம்பெனியில் பதினாறு வருஷம் தைத்தவள் அவள். இந்தத் தை மாதம்தான் துணிந்து வேலையை விட்டுவிட்டு, தனக்கொடியையும் தேவியையும் கூட்டிக்கொண்டு சொந்தமாக ஷெட் போட்டாள். முதல் வெளிநாட்டு ஆர்டர் பிரான்சிலிருந்து வந்தது. இரண்டு பேர் எதிரெதிரே குதிரையை விரட்டி வந்து நீளக் கம்பால் குத்தித் தள்ளுகிற பழங்கால விளையாட்டாம். அதை விளையாடும் குழு ஒன்று, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய சேணத்தின் படத்தை அனுப்பி, அச்சு அசலாக வேண்டும் என்று கேட்டிருந்தது. முன்னால் தொடையை மறைக்கும் பலகை, பின்னால் ஆள் சரிந்து விழாதபடி நாற்காலி போல உயர்ந்த முதுகு, எல்லாமே தோல் போர்த்திக் கையால் தைத்தது.

இது சரியாக அமைந்தால் அடுத்துப் பதினைந்து சேணம். சொதப்பினால் மூன்று பேரும் பழையபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மேனேஜர் வாய் நிறையச் சிரிப்பார்.

“பதினோரு அடி வார் எந்த ஊரு குதிரைக்கு?” என்றாள் தனக்கொடி. “அவன் சென்டிமீட்டர்ல எழுதினத அடியா மாத்தறப்போ இந்தப் பொண்ணு கோட்டை விட்டுட்டா.”

“மூணு வாட்டி போட்டுப் பாத்தேங்க்கா,” என்றாள் தேவி, அழாத குறையாக.

“பிரான்சுல குதிரை பெருசுதான். ஆனா இது குதிரைக்கு இல்லம்மா, யானைக்கு,” என்று பக்கீர் முகமது தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார்.

“பேசாம சுத்திலும் ஒரு அடி வெட்டிடலாம்.” தனக்கொடி கையில் கத்தரிக்கோல் வந்துவிட்டது.

ஸ்டெல்லா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “வெட்டினா ஒட்ட முடியாதுக்கா. மொதல்ல அவங்களக் கேப்போம். தேவி, மெயில் போடு.”

சாயங்காலமே பதில் வந்தது. ‘அளவு சரி. ஒரு அங்குலமும் குறைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.’

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பட்டுப்புடவையில் நின்றார்கள். மினி லாரி ஒன்று வந்தது. முன்சீட்டிலிருந்து கருகருவென்று ஓர் இளைஞன் குதித்தான்.

“தொரை பின்னால வராராப்பா?” என்று கேட்டாள் ஸ்டெல்லா.

“மெயில் போட்டது நான்தாங்க்கா. பேரு குழந்தைவேல். அப்பாதான் இந்தப் பக்கம், நான் பொறந்தது வளந்தது எல்லாம் பிரான்சு. இந்த வருஷப் போட்டியில ஜெயிச்சதும் நான்தான்.”

சேணத்தின் தையலை அவன் உள்ளங்கையால் நீவிப் பார்த்தான். மழை வெயில் தாங்குமா என்று மட்டும் கேட்டான். இரண்டு பூச்சு மெழுகு ஏற்றியிருப்பதாகத் தேவி சொன்னதும் முகம் மலர்ந்தது.

“மாட்டிப் பாக்காம எப்படித் தம்பி எடுத்துக்கினு போவ?” ஸ்டெல்லாவுக்கு மனசு கேட்கவில்லை.

“குதிரை குருவிநத்தத்துலதாங்க்கா நிக்குது. வாங்க, உங்க கையாலயே மாட்டுங்க.”

கப்பலில் குதிரையைக் கொண்டுவந்தவன் சேணத்தையும் அங்கேயே செய்திருக்கலாமே என்று தனக்கொடி வழியெல்லாம் முணுமுணுத்தாள். ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள்.

“உதைக்குமா தம்பி?” என்றாள்.

“இதுவரைக்கும் யாரையும் உதைச்சதில்லக்கா.”

குருவிநத்தம் எல்லையில் லாரி நின்றது. அங்கே காத்திருந்த ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் ஏணி வைத்து ஏறி, ஏலேலோ போட்டுத் தூக்கினார்கள். சேணம் முதுகில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்டெல்லா பதினோரு அடி வாரை வயிற்றுக்கு அடியில் விட்டு வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். விரல் நுழைய இடமில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

“அடுத்த பதினஞ்சும் உங்களுக்குத்தாங்க்கா.”

“அதெல்லாம் சரி. குதிரை இதுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? உசிரு போயி உசிரு வந்துச்சு.”

“சொல்லியிருந்தா ஒப்புக்கு ஏதாவது செஞ்சிருப்பீங்க. நான் ஜெயிச்சா எனக்கு இன்னா சேணமோ, அதேதான் உனக்கும்னு இவருக்கு வேண்டிக்கிட்டேனே,” என்ற குழந்தைவேல், செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சிமெண்டுக் குதிரையின் காலடியில் ‘அய்யனாரப்பா’ என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.