தானாகக் கிளம்பும்

பிரேக்கை மிதித்ததும் என்ஜின் தானாக அடங்கியது.

அவனுக்கு அது பிடித்திருந்தது. கார் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. பழைய கார் ஷெட்டுக்குள் நுழைந்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சாவியைத் திருப்பிய பிறகும் ஒருமுறை இருமிவிட்டுத்தான் ஓயும். அந்த இருமலுக்கே பிள்ளை விழித்து வீட்டை இரண்டாக்கிவிடுவான்.

இது பூனை.

ஷெட்டுக்குள் திறக்கும் படுக்கையறை ஜன்னலிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"மெல்ல வாங்க. இப்பதான் கண்ணசந்தான்."

பிறந்து ஐம்பத்தேழு நாள். இன்று மாதாந்திர மின்தடை, ஐந்து மணி வரை கரண்ட் கிடையாது. விசிறி இல்லாமல் பிள்ளை தூங்க வேண்டுமே என்று, வெயில் படாத அந்த ஒரு ஜன்னலை மட்டும் அவள் அகலத் திறந்து வைத்திருந்தாள்.

கியரை மாற்றிவிட்டு இறங்கினான்.

கார் கீச்சுகீச்சென்று கத்தியது. புது வண்டி, எதற்கெடுத்தாலும் கத்தும். பிள்ளை எழுந்துவிடப் போகிறானே என்று பதறிப்போய்க் கதவைச் சாத்தினான். சத்தம் நின்றது.

பொத்தானை அமுக்கி அணைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. அடங்கிக் கிடப்பதை யார் அணைப்பார்கள்?

ஷட்டரை விரற்கடை விரற்கடையாக இறக்கினான். தரை வரை. புது வண்டியில் புழுதி ஒரு பொட்டு விழக்கூடாது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. திறக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்துப் படுத்தான். மணி இரண்டு.

காலையில் சிக்னலில் நடந்ததை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவேயில்லை. உள்ளே லேசாகப் புழுங்கியதுதான் தாமதம், ஏசிக்காக என்ஜின் தானே கிளம்பிக்கொண்டது. காரை விற்றவர் அன்றைக்கே சொன்னார்.

"தானா நிக்கும் சார். தானா கிளம்பும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

செண்பகம் எழுந்ததும் சொல்ல வேண்டும்.

கண் சொருகியது.

எங்கோ ஓர் இரைச்சல். ஒரே சீராக.

கரண்ட் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஞானமுத்து மோட்டாரைப் போட்டுவிட்டார். கரண்ட் வந்த மறுநொடி மோட்டார் போடாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. போட்டதை மறந்தும் போவார். தொட்டி நிரம்பித் தெருவில் ஆறு ஓடும்.

நல்லதாகப் போயிற்று. இனிப் பிள்ளை வேர்க்காமல் தூங்குவான்.

புரண்டு படுத்தான்.

இரைச்சல் நிற்கவில்லை.

முதுகில் பனியன் நனைந்து ஒட்டியது. விசிறி சுவிட்சைப் போட்டுத்தானே வைத்திருந்தோம் என்று பட்டது.

கண்ணைத் திறந்தான்.

விசிறி சுற்றவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். ஐந்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. பக்கத்து வீட்டிலும் கரண்ட் இருக்க வழியில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

இரைச்சல் ஷெட்டிலிருந்து வந்தது. படுக்கையறைக் கதவிடுக்கில் கார்ப்புகை நாறியது.

"செண்பகம்..."

முதலில் மெல்லத்தான் கூப்பிட்டான், பிள்ளை எழுந்துவிடுவானே என்று.

பிறகு அலறினான். தெருவே கேட்கும்படி.

பிள்ளை அழவில்லை.