கவிழ்த்த பானை

செண்பகம் காலையில், தானாக மெல்ல வேகவைக்கும் ஸ்லோ குக்கர் பானையில் குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது பானை காலியாகி, கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். தின்ற தட்டைக்கூட நகர்த்தாத மகள் இதை மட்டும் பளிச்சென்று கழுவிவைப்பதில் அவளுக்கு அத்தனை பூரிப்பு. தனக்கு மிச்சமில்லாத குறையே தெரியாமல் மோர்ச்சோறு சாப்பிட்டுவிடுவாள்.

அன்று கேட்டைத் திறந்த வாட்ச்மேன், "இன்னைக்குக் கொழம்புல உப்பு போட மறந்துட்டீங்க போலம்மா. நேத்து கறி பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சு. பாப்பா தெனமும் கொண்டாந்து குடுத்துருது. நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

வீட்டுக்குள் பரோட்டா வாசனை அடித்தது. "கொழம்பு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிரமாதம். உப்பு, காரம் எல்லாம் கச்சிதம்" என்றான். பானையைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை.