பழைய சத்தம்

"பாய், இன்ஜின்ல அந்தப் பழைய டக்டக் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

மெக்கானிக் ஷரஃபுதீன் கிச்சாவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மாசக்கணக்கில் உயிரை வாங்கிய மனுஷன்!

"இன்னா சார், நேத்துதானே ஹெட்டைக் கழட்டி கார்பனெல்லாம் சுரண்டினேன்? வண்டி இப்போ பூனை மாரி போவுது."

"அதான் வினை." கிச்சா நிலைகொள்ளாமல் சாவியை உருட்டினார். "நேத்து நான் ஆத்துக்கு வந்தது யாருக்கும் கேக்கலை. ஹால்ல கேபிள் டி.வி. பாட்டுக்குப் பொண்ணு ஆடிண்டிருக்கா, ஆத்துக்காரி கைதட்டிச் சிரிச்சுண்டிருக்கா."

"நல்லதுதானே சார்?"

"என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் வெலவெலத்துப் போயிட்டா, பாய். முன்னெல்லாம் தெருமுனையிலேயே டக்டக் கேக்கும். சிரிச்சு முடிக்க அவாளுக்கு நேரம் இருந்துது."