லொறியோடு போன புள்ளி

நாலந்தா வளைவில் லொறி திரும்பியது. அன்ஸாப் ஹாஜியாரின் போனில் தெரிந்த நீலப் புள்ளியும் பிசகாமல் கூடவே திரும்பியது.

"ஷோக்கா வேல செய்யுதே தம்பி," என்றார் ஹாஜியார். தன் மிளகு லொறிகள் எங்கே போகின்றன என்று வீட்டிலிருந்தே பார்க்க அவருக்கு ஆசை. அதற்கான கருவியைச் செய்துவந்த சதீஸ்குமார் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

கருவி வேலை செய்யாது என்பது அவனுக்கும் மனைவி தர்ஷிகாவுக்கும்தான் தெரியும். உள்ளே இருப்பது எத்தனை தரமும் நிரலை அழித்து எழுதக்கூடிய சிப். மாதக்கணக்காக அழித்து எழுதியும் அது வானத்தில் சுற்றும் ஒரு செய்மதியைக்கூடப் பிடிக்கவில்லை. நேற்றும் மாற்றி எழுதிக் கருவிக்குள் பொருத்தினான். சோதித்துப் பார்க்கத் தெம்பில்லை.

அதனால்தான் இந்த ஏற்பாடு. தர்ஷிகா ஸ்கூட்டியில் ஒளிந்து ஒளிந்து பின்னால் வரவேண்டும். லொறி போகும் பக்கமெல்லாம் தன் போனிலிருந்து புள்ளியை விரலால் தள்ளவேண்டும்.

பக்கக் கண்ணாடியில் பார்த்தான். ஸ்கூட்டியைக் காணோம். கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

ஹாஜியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. லொறியை நிறுத்தச் சொல்லி, கருவியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ரோட்டோரம் இருந்த மிளகு ஸ்டோரைச் சுற்றி ஓடினார். புள்ளியும் ஸ்டோரைச் சுற்றி ஓடியது.

"மொதல்ல இத மகள்ட ஸ்கூல் வேனுக்குப் பூட்டுங்க," என்றார் மூச்சிரைக்க. "றுஸ்னா வீடு வந்து சேர்ற வரைக்கும் அவட உம்மாவுக்கு நிம்மதியில்ல."

மிளகு மூட்டை என்றால் எப்படியோ போகட்டும். இது பிள்ளை விஷயம். சதீஸ்குமார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான்.

ஹாஜியார் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தப் புள்ளிய ஓட்டினது ஒங்க பொஞ்சாதியா?"

அவன் தலையசைத்தான். கருவியை அவன் கையில் திணித்துவிட்டு ஹாஜியார் ஏறிக்கொண்டார். லொறி அவனை ரோட்டோரம் விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

தர்ஷிகா அழைத்து அவள் பெயரை ஹாஜியார் கண்டுவிடக்கூடாது என்று அணைத்துவைத்திருந்த தன் போனை அப்போதுதான் போட்டான். உடனே அவள் அழைப்பு வந்தது.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. காலையிலருந்து எடுக்கிறேன், போன் ஓஃப்னே வருது. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகல. நான் இன்னும் வீட்ட விட்டே கெளம்பல."