விடாத கிளட்ச்

கிளட்சைத் தரைவரை மிதித்தாள். கியர் விழவில்லை.

கர்ர்ர்.

பட்டறை முழுக்கக் கேட்டது.

இன்ஜினை நிறுத்தினாள். கியர் உடனே வழுக்கிக்கொண்டு விழுந்தது. மறுபடி ஓடவிட்டால், மறுபடி கர்ர்ர்.

பழைய வேன். உள்ளே இருப்பது வேறொரு வேனின் இன்ஜின், கியர் பாக்ஸ். இரண்டுக்கும் நடுவே புது கிளட்ச் பிளேட். மாற்றியது அவள். முழுக்க அவள்.

போன் எடுக்கும் மேசையிலிருந்து எழுந்து வந்து செய்த முதல் வேலை. வீட்டிலேயே முதல் டிகிரி. ஆட்டோமொபைல் படித்தது "வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கவா?

முதலாளி சென்னியப்பன் வந்து நின்றார். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

"பிளேட்டத் திருப்பிப் போட்டுட்ட அம்மிணி. எல்லாத்தையும் எறக்கோணும். மாரிசாமி பாத்துக்குவான். நீ போயி போனை எடு."

"நான் சரியாத்தான் போட்டேனுங்கண்ணா."

"பொறவு எதுக்கு உறுமுது? உன்ற மேல பாசத்துலயா?"

மெக்கானிக் மாரிசாமி சிரித்தான். ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான்.

சிரிச்ச வாயோடு பெடலை மிதி என்றாள் அவனிடம். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

அவன் மிதித்தான். தள்ள வேண்டிய கம்பி முழுதாகத் தள்ளியது. குறை அதில் இல்லை. உள்ளே பிளேட் மட்டும் இன்ஜினை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எதனால் ஒட்டும்?

மல்லாந்து கிடந்தபடியே நினைவு வந்தது.

இங்கே எந்தப் புதுச் சாமானும் பொட்டு வைக்காமல் உள்ளே போகாது. இதை மாட்டிய அன்று சென்னியப்பன் தன் கையாலேயே வைத்தார். பிளேட்டின் உராயும் பரப்பில், மூன்று விரலால், கெட்டியாகக் குழைத்த சந்தனம்.

அதில் வேண்டாம் என்றாள். நாலெழுத்து படித்தால் சாமி ஆகாதா என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். வளர்பிறை வரட்டும் என்று அவர் சொல்ல, கிளப்பாமலே வண்டி மழையில் நின்றது.

அடியில் படுத்தபடி சிரித்தாள். எண்ணெய் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை.

ஒட்டியதைப் பிய்க்க ஒரு வழி உண்டு. கியரில் போட்டுக் கிளப்பி, ஓட்டத்திலேயே உலுக்க வேண்டும்.

வெளியே வந்து சீட்டில் ஏறினாள். "கேட்டைத் திறங்க."

இரண்டாவது கியர். பெடல் தரையில். சாவியைத் திருகினாள்.

வேன் எகிறிப் பாய்ந்தது. மாரிசாமி ஜாக்கியை விட்டுவிட்டுத் துள்ளினான்.

வெளியே காலி ரோடு. பெடலை விடாமல் முடுக்கினாள். சட்டென்று பிரேக். மறுபடி முடுக்கு. மறுபடி பிரேக்.

டக்.

நெட்டி முறித்தது போல ஒரு சின்னச் சத்தம். வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் தன்பாட்டில் ஓடியது.

கியரை மாற்றினாள். சத்தமே இல்லை.

இன்னொரு முறை மாற்றினாள். வெண்ணெயாக விழுந்தது.

திரும்பி வந்தபோது சென்னியப்பன் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"என்ன அம்மிணி பண்ணுன?"

"நீங்க வெச்ச சந்தனமுங்கண்ணா. காஞ்சு ஒட்டிக்கிச்சு. பிச்சு உட்டேன்."

மாரிசாமி குனிந்து ஜாக்கியில் எதையோ தேடினான்.

சென்னியப்பன் சுவரோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார். உள்ளே போனார்.

அடுத்த டெம்போவுக்கு வந்த புது பிளேட் பெஞ்சில் இருந்தது. கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். விரலைத் தோய்த்தார்.

விரல் பிளேட்டுக்கு மேலேயே நின்றது.

"அம்மிணி," என்றார், திரும்பாமல். "இதுல எங்க வெக்கலாம்?"

அவள் அவசரப்படவில்லை. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள்.