பச்சை இழைகள்

பிஷ்கெக் ஆய்வுக்கூடத்தின் இருட்டறைத் திரையில், அல்மாட்டியிலிருந்து இன்று காலை வந்த உயிரணு ஒன்று பச்சையாக மின்னுகிறது. ஒளிரும் புரதம் பூண்ட இழைகள் அதன் உருவத்தைத் தாங்கியபடி நீள்கின்றன, சுருங்குகின்றன. பத்தாம் நிமிடத்தில் அறுபடுகின்றன. உயிரணு சுருண்டு சாகிறது. அதை ஒளிரவைக்கும் லேசரின் அளவு நூற்றுக்கு எண்பதில் நிற்கிறது. ஐந்தைத் தாண்டினால் உயிரணு வெந்துவிடும், தாண்டலாகாது என்று விதி எழுதியவள் நான். படம் துலங்க வேண்டுமென்று நேற்றே அதை ஏற்றியவளும் நான். தன் உயிரணுக்கள் இதே லேசரின் கீழ் செத்ததும், "உயிரணு வளர்க்கத் தெரியாதவள்" என்று நேற்று எல்லோர் முன்னும் என்னிடம் ஏச்சு வாங்கிய என் மாணவி ஜிபெக், மூன்று வாரம் வளர்த்தவற்றைக் கொட்டிவிட்டுத் தட்டுகளைத் துடைக்கிறாள். "இதுவும் செத்துடுச்சா, எஜே? அப்ப தப்பு என் கையில இல்லதானே?" என்று, கிர்கிஸ் மொழியில் என்னை அக்கா என்றழைத்தபடி, சிரிக்க முயல்கிறாள். "வழியில குளிர் தாக்கியிருக்கும்" என்கிறேன். என் விரல் ஓசையின்றி அளவை ஐந்துக்கு இறக்குகிறது.