சிரித்தவர்களுக்கும் ஒரு ஜெபம்

முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகையாய் விறைப்பாக வைத்திருந்தான் சூசைநாதன். வீட்டில் கடிகாரம் இல்லாததால், மனைவி அந்தோணியம்மாள் மனசுக்குள் ஜெபித்தபடி ஜெபமாலையை உருட்டி நேரம் பார்த்தாள். பத்து மணிகள் உருண்டால் எழலாம்.

“பத்து முடிஞ்சிச்சா? வயிறு நடுங்குதுலா!”

“இன்னும் இல்லீங்க. தாங்குங்க.”

தினமும் இதே பாடுதான். போன வருஷம் துறைமுகத் தொழிலாளர் கிளப்பில், இப்படி யார் அதிக நேரம் தாங்குவார் என்று நடந்த போட்டியில் முதலில் கவிழ்ந்தவன் அவன். பினாங்குத் துறைமுகமே சிரித்தது.

இந்த வருஷமோ, கடைசி எதிராளி கவிழ்ந்த பிறகும் சூசைநாதன் அசையவில்லை. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

கோப்பையோடு வீட்டுக்கு வந்தவன் கேட்டான்: “இங்க பத்துக்கே தடுமாறுனேனே, அங்க எப்படி ஜெயிச்சேன்?”

அந்தோணியம்மாள் கோப்பையை வாங்கித் துடைத்தாள். “தினமும் உங்களுக்காகப் பத்து வேண்டினேன். அதோட விட்டேனா? உங்களைப் பார்த்துச் சிரிச்சவங்களுக்காகவும் ஒரு பத்து வேண்டிக்கிட்ட பிறகுதானே எழுந்திரிக்கச் சொன்னேன்!”